பேர் சொல்லாமல் சொன்னது

போதகர் இராஜாங்கத்துக்கு மாதத்தின் முதல் திங்கட்கிழமை பண்டிகை மாதிரி. விடிந்ததும் சீர்காழியில் பஸ் ஏறி, மாயவரத்திலும் கும்பகோணத்திலும் மாறி, தஞ்சாவூர் போய் இறங்குவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். இருந்தும் அவர் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. அங்கே பழைய ஆலயம் ஒன்றின் பின்புறக் கூடத்தில், ஜில்லாவின் கிராமங்களில் ஊழியம் செய்யும் ஆறேழு போதகர்கள் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள். அதற்குத் திங்கட்கிழமைப் படிப்பு என்று அவர்களாகவே பெயர் வைத்திருந்தார்கள்.

அதைத் தொடங்கியவர் போதகர் மாசிலாமணி. வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்தவர். நெடுநெடுவென்று உயரம். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவன் தன்னிடம் மட்டும்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வான்.

"ஆலயத்துக்கு எத்தன பேரு வந்தாங்கன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க" என்பார். "ஆலயத்துலேருந்து எத்தன பேரு ஊருக்குள்ள போனாங்க, அதச் சொல்லுங்க. சபைங்கிறது வா வான்னு கூப்புட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற எடம் இல்ல. அனுப்பப்பட்ட கூட்டம்."

மாதாமாதம் கேள்வி கொடுத்து அனுப்புவார். கிறிஸ்தவர் அல்லாத யார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? உங்கள் ஊரில் இப்போது யார் யாரோடு பேசுவதில்லை, ஏன்? கடைமடையில் எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை? இதெல்லாம் தெரியாத போதகர் அந்த ஊருக்கு அனுப்பப்பட்டவர் இல்லை, சும்மா குடியிருக்கிறவர் என்பார். இராஜாங்கத்துக்கு இந்தக் கேள்விகள் பிடித்திருந்தன. மற்றவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் பட்டம் வாங்கியவர்கள். இவர் திருவிடைமருதூர்ப் பக்கத்தில் ஒரு பண்ணையாளின் மகன். பல வருஷம் உபதேசியாராக இருந்து, பிறகு போதகரானவர். புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் வாயே திறக்க மாட்டார். வாய்க்காலைப் பற்றி என்றால் இவருக்கும் சொல்ல ஏதோ இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆலயத்துக்குள்ளேயே யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்பதை யாரும் சொல்லாமலே எல்லோரும் தெரிந்துவைத்திருந்த காலம் அது. முதல்நாள் இராஜாங்கம் கதவோரமாகத்தான் உட்கார்ந்தார். மாசிலாமணி எழுந்து வந்து அவர் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டார். மத்தியானம் சாப்பாட்டிலும் பக்கத்து இலை. தன் இலையில் இருந்த அப்பளத்தை உடைத்துப் பாதியை இவர் இலையில் வைத்தார். பெரிய குடும்பத்து மனிதர் ஒருவர் அப்படிச் செய்தது இராஜாங்கத்தின் ஆயுசில் அதுதான் முதல் தடவை. ஊருக்கு வந்து தன் மனைவி தங்கம்மாளிடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

"அப்பளந்தானே" என்றாள் அவள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் பயிற்சி எடுத்தவள். எளிதில் உருகமாட்டாள்.

அந்தப் படிப்பில் ஒரே ஒரு விதிதான். அதையும் மாசிலாமணிதான் போட்டார். "இந்த நிலைப்படிக்கு உள்ள பேசுறது நிலைப்படியத் தாண்டக்கூடாது. நம்ம ஊரு, நம்ம சனங்க, அவங்க கஷ்டம் எல்லாத்தையும் இங்க கொட்டப்போறோம். அது வெளிய போனா நம்மள நம்புனவங்களுக்குத் துரோகம்." எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

வெண்மணியில் குடிசைகள் எரிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆட்சி மாறிவிட்டது, ஏழைகளின் அரசு என்று மேடைக்கு மேடை பேசினார்கள். ஆனால் அறுப்புக் காலம் வந்தால் ஒவ்வொரு ஊரிலும் கூலித் தகராறு வந்தது. அந்தச் சித்திரை மாதக் கூட்டத்தில் மாசிலாமணி கேட்டார்.

"சபைக்கு வெளிய, நாம எதிர்பாக்காத ஆளு மூலமா தேவன் வேல செஞ்சத எங்கயாச்சும் பாத்தீங்களா?"

ஒருவர் டாக்டரைப் பற்றிச் சொன்னார், ஒருவர் முஸ்லிம் வியாபாரியைப் பற்றிச் சொன்னார். இராஜாங்கத்தின் முறை வந்தது. அவர் தயங்கினார். பிறகு சொன்னார்.

அவர் ஊழியம் செய்த ஊர் கொன்னமங்கலம். சீர்காழிக்கு வடகிழக்கே கொள்ளிடத்து ஓரத்தில் இருப்பது. தை அறுப்புக்குக் கலத்துக்கு இன்னும் கொஞ்சம் நெல் கூடுதலாக வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார் சிங்காரவேலு வெளியூர் ஆட்களை இறக்கினார். உள்ளூர்க் கடையில் கடன் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவைத்தார். வயிறு காய்ந்தால் தானாக வருவார்கள் என்பது அவர் கணக்கு. குடியிருப்பில் அடுப்பு எரியவில்லை. நண்டும் நத்தையும் கீரையும் எவ்வளவு நாளைக்கு வரும்? குழந்தைகள் சுருண்டு படுத்தன. சங்கத்துத் தலைவர் வீரையனே ஒருநாள் ஆலயத்து வாசலில் வந்து உட்கார்ந்து, "முடியலைங்க ஐயா, நாளைக்குப் போய்க் கால்ல விழுந்துடலாம்னு இருக்கோம்" என்றார்.

அன்று மத்தியானம்தான் முதல் மூட்டை வந்தது.

சிங்காரவேலுவின் தம்பி பினாங்கில் வேலையில் இருந்தார். தம்பி மனைவி மங்களாம்பிகை இங்கே கூட்டுக் குடும்பத்தில். ஊருக்கு அவள் சின்னாச்சி. அவளுக்கு ஒரு மகன், பிறந்து சில மாதமே ஆன ஒரு பெண் குழந்தை. அந்தப் பிரசவம் சிக்கலாகிவிட, வேறு வழியில்லாமல் கொல்லைப்புறமாகத் தங்கம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். தாயையும் பிள்ளையையும் அவள்தான் பிழைக்க வைத்தாள். அதன் பிறகு குழந்தையைப் பார்க்க அவள் அந்தக் கொல்லைக்குப் போய்வருவது வழக்கமாகியிருந்தது. அன்று மங்களாம்பிகை அவளிடம், "நர்ஸம்மா, ஒங்க மாட்டுக்குத் தவிடு வச்சிருக்கேன், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். தங்கம்மாள் தலையில் தூக்கியபோது மூட்டை தவிட்டின் கனமாக இல்லை. வீட்டில் வந்து அவிழ்த்துப் பார்த்தால், மேலே நாலு விரற்கடை தவிடு, கீழே முழுக்க அரிசி.

அறுப்புத் தகராறு தீரும்வரை தவிடு வந்துகொண்டே இருந்தது. ஆலயத்துப் பின்னால் கஞ்சி காய்ச்சினார்கள். மிஷனில் அனுப்பியது என்று இராஜாங்கம் சொல்லிவிட்டார். தொழிலாளர்கள் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் தாசில்தார் வந்து, பேச்சுவார்த்தை நடந்து, கூலி உயர்ந்தது. யார் வீட்டு அரிசியில் யார் ஜெயித்தார்கள் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

இராஜாங்கம் சொல்லி முடித்தார். ஒரத்தநாட்டுப் போதகர் ரெத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாசிலாமணி எழுந்துவந்து இராஜாங்கத்தைக் கட்டிப்பிடித்தார்.

"நான் வருஷக்கணக்கா படிச்சுட்டு வந்து சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்க பாத்துட்டு வந்து சொல்றீங்க, தம்பி."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கும்பகோணம்வரை நின்றுகொண்டே வந்தார், கால் வலி தெரியவில்லை. தங்கம்மாளிடம் மட்டும் அன்று என்ன பேசினோம் என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன கேட்பாள் என்று உள்ளுக்குள் எங்கோ தெரிந்திருந்தது.

ஆடி மாதம் சீர்காழியில் புதுப் பள்ளிக்கூடக் கட்டடம் திறப்பு விழா. வெளிநாட்டிலிருந்து மிஷன் விருந்தினர்கள் வந்திருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்களையெல்லாம் அழைத்திருந்தார்கள். சிறப்புப் பேச்சு போதகர் மாசிலாமணி. பந்தலில் ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். மேடையில் மாலை போடும்போது ஒவ்வொருவர் பெயரையும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். "கொன்னமங்கலம் மிராசுதார், ஒன்றியக்குழு உறுப்பினர், உயர்திரு சிங்காரவேலு அவர்கள்" என்று கேட்டபோது இராஜாங்கம் கூட்டத்தோடு சேர்ந்து கை தட்டினார். ஒரு நல்ல காரியத்துக்கு அவர் வந்திருக்கிறாரே என்று சந்தோஷம்கூடப் பட்டார்.

மாசிலாமணி அன்று அருமையாகப் பேசினார். தமிழில், நடுநடுவே விருந்தினர்களுக்காக இங்கிலீஷில். சபை சுவருக்கு வெளியே போக வேண்டும் என்றார். போதகர்கள் கூடிப் படிக்கிற படிப்பைப் பற்றிச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்தக் கொள்ளிடக் கரைக்குப் பக்கத்துல ஒரு ஊரு. பேரு வேண்டாம். கூலிக்காக ஏழைங்க போராடுறாங்க. ஊரே பட்டினி. அந்த ஊரு மிராசுதார் வீட்டுக்குள்ளேயே ஒரு அம்மா..."

இராஜாங்கத்துக்கு முதலில் அது வேறு ஊர்க் கதை போலத்தான் கேட்டது. அடுத்த வரியில் போதகர் மனைவி வந்தாள். நர்ஸ் என்றார். அதற்கடுத்து மூட்டை வந்தது. மேலே தவிடு, கீழே அரிசி. பந்தலே ஆ என்றது. இராஜாங்கம் மேடையைப் பார்த்தார். சிங்காரவேலு மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த சோடா பாட்டில் அப்படியே இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து கத்திவிடலாமா, மயங்கி விழுந்த மாதிரி நடிக்கலாமா என்று இராஜாங்கத்துக்குத் தோன்றியது. ஒன்றும் செய்யவில்லை. கைதட்டல் வெகுநேரம் கேட்டது. விருந்தினர்களும் எழுந்து நின்று தட்டினார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து தங்கம்மாள் ஏற்கெனவே எழுந்து வெளியே போயிருந்தாள்.

பஸ்ஸில் அவள் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து நின்றாள்.

"அவருக்கு யாரு சொன்னா?"

"தங்கம், அது நாங்க போதகருங்க மட்டும் உக்காந்து..."

"நீங்கதான் சொன்னீங்களான்னு கேட்டேன்."

"ஆமா."

"எங்கிட்டக் கேட்டீங்களா? அந்தச் சின்னாச்சிகிட்டக் கேட்டீங்களா?"

"வெளிய போவாதுன்னு சத்தியம் பண்ணிருந்தோம்."

"நானும் சின்னாச்சியும் சத்தியம் பண்ணலதான். வாயத் தொறக்காம இருந்தோம். அதுக்குச் சத்தியம் வேணுமா?" அவள் குரல் உயரவே இல்லை. "அது உங்க கதையே இல்லைங்க. எங்கதையும் இல்ல. அந்த அம்மா எங்கையில குடுத்தது. நான் உங்கள நம்பி வீட்டுக்குள்ள எறக்கி வச்சேன்."

மறுநாள் தங்கம்மாள் மிராசுதார் வீட்டுக் கொல்லைக்குப் போனாள். படல் கதவு சாத்தியிருந்தது. அந்த வீட்டில் சாணி தட்டுகிற ராசம்மாள் வேலியோரமாக வந்து முணுமுணுத்தாள்.

"போயிடுங்க நர்ஸம்மா. பெரியவரு நேத்து வந்ததும் வராததுமா சின்னாச்சி இடுப்புலேருந்த சாவிக்கொத்த வாங்கிட்டாரு. 'எந்நெல்லப் போட்டு என்னையே தோக்கடிச்சிட்டியேம்மா'ன்னாரு. அடி கிடி எல்லாம் இல்ல. ஆனா யாரும் பேசல. சோறு வச்ச தட்டு அப்புடியே இருக்கு."

திங்கட்கிழமைக்காக இராஜாங்கம் காத்திருந்தார். அந்த வாரம் முழுக்க அவர் மனசில் ஒரே நம்பிக்கைதான். மாசிலாமணி பெரிய மனிதர். தெரியாமல் செய்துவிட்டார். தெரிந்தால் பதறிப்போவார், வழியும் கண்டுபிடிப்பார். அந்த நம்பிக்கையோடுதான் நிலைப்படி தாண்டி உள்ளே போனார்.

எல்லோரும் வந்திருந்தார்கள். திறப்பு விழாப் பேச்சைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். இராஜாங்கம் உட்காராமல் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். சாவிக்கொத்து, சாத்திய கதவு, யாரும் பேசாத வீடு. சொல்லிவிட்டுக் கைகூப்பினார்.

"ஐயா, நீங்க கொன்னமங்கலத்துக்கு வாங்க. நாம எல்லாருமா போவோம். பிரசங்கத்துக்காகச் சேத்துச் சொன்ன கதைன்னு மிராசுதார்கிட்டச் சொல்லுங்க. அரிசி மிஷன் அரிசிதான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அவரு நம்புவாரு."

மாசிலாமணி மடியிலிருந்த வேதாகமத்தை மூடி வைத்தார்.

"என்னப் பொய் சொல்லச் சொல்றீங்களா, தம்பி?"

"ஆமாங்க."

யாரோ இருமினார்கள்.

"மேடையில தேவனோட பேரால நின்னு சொன்னத, பொய்யின்னு நானே போய்ச் சொன்னா, நாளைக்கு நான் சொல்ற சுவிசேஷத்த யாரு நம்புவா? எனக்கு வருத்தமா இருக்கு. ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா நான் பேரு சொன்னேனா? ஊரு சொன்னேனா?"

"நர்ஸுன்னு சொன்னீங்க, போதகர் பொஞ்சாதின்னு சொன்னீங்க, தவிடுன்னு சொன்னீங்க. கொள்ளிடக் கரையில அப்புடி ஒரே ஒரு ஊருதாங்க இருக்கு. அந்த ஊருக்காரருக்கு ஊர் பேரு சொல்லித்தான் மால போட்டாங்க."

"நான் கவனிக்கல. குறிப்பப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நிலைப்படியத் தாண்டக்கூடாதுன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?"

மாசிலாமணி நிமிர்ந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. வகுப்பு எடுக்கும்போது இருக்கிற அதே நிதானம்.

"நான் தாண்டுனது தப்புதான். ஆனா தம்பி, எங்ககிட்ட வந்து சொல்றப்போ நீங்க அந்த அம்மாவக் கேட்டுட்டா சொன்னீங்க?"

இராஜாங்கம் கூப்பிய கையை இறக்கினார். தங்கம்மாள் கேட்ட அதே கேள்வி. அவள் கேட்டபோது வலித்தது. இவர் கேட்கும்போது, தான் நம்பிக் கொடுத்த பொருளை எடுத்துத் தன்மேலேயே எறிந்த மாதிரி இருந்தது. சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். ஒருத்தராவது 'நான் வர்றேன்' என்று சொல்வார் என்று பார்த்தார். வருஷக்கணக்காக அனுப்பப்பட்டவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள், பாயின் கோரையை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெபம் பண்ணலாமே" என்றார் ரெத்தினம், மெதுவாக.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். மாசிலாமணி ஜெபிக்கத் தொடங்கினார். அந்தச் சகோதரியைக் காத்துக்கொள்ளும், ஆண்டவரே என்று உருக்கமாக. இராஜாங்கம் ஜெபத்தின் நடுவிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் காலை அவரே மிராசுதார் வீட்டுக்குப் போனார். வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டுதான் போனார். அது இல்லாவிட்டால் வாசலைத் தாண்டி விடமாட்டார்கள் என்று தெரியும். சிங்காரவேலு நடைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து விதைநெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க போதகரே. என்ன சமாச்சாரம்?"

"சீர்காழியில எங்க பெரியவரு சொன்ன கதை உங்க மனசச் சங்கடப்படுத்தியிருக்கும்னு கேள்விப்பட்டேன். அது நடந்தது இல்லைங்க. பேச்சுக்காகக் கட்டுனது. கஞ்சிக்கு அரிசி மிஷன்லேருந்துதான் வந்துச்சு. உங்க வீட்டு மேல எந்தக் குத்தமும் இல்ல."

சிங்காரவேலு கையிலிருந்த நெல்லைத் திரும்பவும் கூடையில் போட்டார்.

"அன்னிக்குப் பந்தியில உங்க பெரியவரு பக்கத்துலதான் எனக்கு எல. சாப்புடுறப்பவே கேட்டேன். 'ஐயா, அது கதையா, நடந்ததா?'ன்னேன். 'நடந்தது. ஆனா பேரு மட்டும் கேக்காதீங்க, நான் சொல்லமாட்டேன்'னாரு. எனக்குப் பேரு எதுக்கு?"

இராஜாங்கம் நாள்களை எண்ணிப் பார்த்தார். அன்றைக்கே. அப்படியானால் நேற்று, அந்தக் கூடத்தில், ஜெபிக்கும்போது, மாசிலாமணிக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. இவர் கைகூப்பிக் கெஞ்சியபோது, அந்த வழி ஏற்கெனவே அடைபட்டுவிட்டது என்பது தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஒங்க ஆளுங்க பொய் சொன்னா தலையக் குனிஞ்சுக்குவாங்க" என்றார் சிங்காரவேலு. "நீ நிமிந்து நின்னு சொல்றே. படிப்பு." அதுவரை போட்ட 'வாங்க'வெல்லாம் போயிருந்தது. "போ. ஒம் பொஞ்சாதி இனிமே இந்தக் கொல்லப்பக்கம் வரவேணாம்."

உள்ளே எங்கோ குழந்தை அழுதது. யாரும் அதட்டவில்லை, யாரும் தூக்கவும் இல்லை போலிருந்தது. அவர் நடந்தார்.

அந்த வாரக் கடைசியில் மங்களாம்பிகையைத் தாய்வீட்டுக்கு, ஒரத்தநாட்டுக்கு, அனுப்பிவிட்டார்கள். பால்குடி மாறாத பெண் குழந்தை அவளோடு போயிற்று. மகனை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். கூண்டு வண்டி ரோட்டை நோக்கிப் போகும்போது வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு கிழவி சேற்றுக் கையோடு வரப்பில் ஏறி நின்று கும்பிட்டாள். வண்டிக்குள்ளிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தங்கம்மாள் ரோட்டு முனைவரை வண்டிக்குப் பின்னாலேயே போனாள். பஸ் வந்ததும் மங்களாம்பிகை இறங்கி, அவள் கையைப் பிடித்து, "எம் மகனுக்குப் பனி பட்டா இளைப்பு வரும். எப்புடியாவது பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னாளாம். கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் நின்ற இராஜாங்கத்தை அவள் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வீரையன் வந்தார். வழக்கமாக வாசலில் உட்காருகிறவர், அன்று நின்றுகொண்டே பேசினார்.

"நாங்க குடிச்ச கஞ்சி யாரு வீட்டுதுன்னு எங்களுக்கே சொல்லாம வச்சிருந்தீங்க ஐயா. சரிதான், சொல்லியிருக்கக்கூடாதுதான். எங்கள்ல எவனாவது சாராயத்த குடிச்சுட்டு ஒளறியிருப்பான். ஆனா தஞ்சாவூர்ல போய்ச் சொன்னீங்களாமே?"

"ஆமா, வீரையா."

"அவங்க படிச்சவங்க, ஒளற மாட்டாங்கன்னு நெனச்சுட்டீங்க."

இராஜாங்கம் பாயை இழுத்துப் போட்டார், வீரையன் உட்காரவில்லை.

"அந்த அம்மாவுக்காக வேலையில எறங்காம நிப்போம்னு பயலுவ துள்ளுறானுவ. நான்தான் வேண்டாம்னுட்டேன். நாம கொடியத் தூக்குனா அவங்க பேருதான் இன்னும் நாறும். நமக்குச் சோறு போட்டவங்களுக்கு நம்மால ஒண்ணும் செய்ய முடியல. இத எங்க போய்ச் சொல்றது?" வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன்பின் ஆலயத்துக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் வீட்டு விஷயம் எதையும் இராஜாங்கத்திடம் சொல்வதை நிறுத்திக்கொண்டார். மற்றவர்களும் அப்படித்தான். நோய் என்றால் தங்கம்மாளைக் கூப்பிடுவார்கள். கல்யாணம், கருமாதி என்றால் போதகரைக் கூப்பிடுவார்கள். நடுவில் இருக்கிற எதற்கும் யாரும் அவரிடம் வரவில்லை.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை அவர் பஸ் ஏறவில்லை. வாருங்கள் என்று யாரும் சொல்லி அனுப்பவும் இல்லை.

ஐப்பசி அடைமழைக்கு நடுவே ரெத்தினம் மட்டும் ஒருநாள் குடையோடு வந்து நின்றார். தலையைத் துவட்டிக்கொள்ளத் துணி கொடுத்தாள் தங்கம்மாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் குடிக்காமல் இருந்தார்.

"அன்னைக்கு நான் எழுந்து வந்திருக்கணும், அண்ணே. வாய் வரல. அவரு முன்னால எனக்கு எப்பவுமே வாய் வராது." பிறகு சொன்னார், "அந்த அம்மா புருசன் பினாங்குலேருந்து வந்துட்டாரு. அண்ணங்கிட்டச் சண்ட போட்டு மகன வாங்கிட்டு வந்துட்டாரு. சொத்துல பாகம் பிரிக்கச் சொல்லிக் கேஸ் போடப்போறாராம். எங்க ஊர்ல வாடகைக்கு ஒரு வீடு பாத்து வச்சிருக்காங்க. நான் போய்ப் பாத்தேன்."

"நல்லா இருக்காங்களா?" என்று தங்கம்மாள்தான் கேட்டாள்.

"இருக்காங்க. புருசன் பேசுறாரு. ஆனா, 'அவ்வளவு செஞ்சியே, எனக்கு ஒரு வரி எழுதல, ஊரான் மேடையில பேசித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா'ன்னு கேட்டாராம். அது ஆறல போலிருக்கு."

மழை விட்டதும் இராஜாங்கம் ஒரத்தநாடு போனார். தங்கம்மாளிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். போகாதீர்கள் என்றும் அவள் சொல்லவில்லை, நானும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

சின்ன ஓட்டு வீடு. மங்களாம்பிகை வாசலில் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கை நின்றது. உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கூடத்திலேயே போட்டாள். கொன்னமங்கலத்தில் அவர் மிராசுதார் வீட்டுக் கூடத்தை வாசலில் இருந்து பார்த்ததோடு சரி.

"உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "மன்னிப்புக் கேக்க வந்தேம்மா."

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"என்ன மாதிரிப் போதகருங்ககிட்ட. நாங்க கூடிப் படிப்போம். ஊருல எப்புடி ஊழியம் செய்யணும்னு..."

"அதுல நான் எங்க வந்தேன்?"

அவர் தடுமாறினார். "நீங்க செஞ்சது பெரிய காரியம்னு நெனச்சேன். எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு..." சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. நிறுத்திவிட்டார். பிறகு சொன்னார், "அவங்க எல்லாரும் பெரிய படிப்புப் படிச்சவங்க. சொல்றதுக்கு எங்கிட்ட அது ஒண்ணுதாம்மா இருந்துச்சு."

மங்களாம்பிகை அவரை நேராகப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது போல இருந்தது. ஆனால் குரல் இளகவில்லை.

"எனக்குப் பெரிய காரியம்லாம் தெரியாதுங்க. புள்ளைங்க பசியில அழுதது எங்க கொல்லவரைக்கும் கேட்டுச்சு. எம்பொண்ணுக்குப் பால் குடுத்துக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டு இருக்க முடியல. குடுத்தேன். நர்ஸம்மா அத ஒரு வார்த்த பேசாம தலையில வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. நான் நம்புனது அவங்களத்தான். உங்கள எனக்குத் தெரியவே தெரியாது."

உள்ளே இருந்து அவள் மகன் இருமுகிற சத்தம் வந்தது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, போக நினைத்தவள் நின்றாள்.

"காப்பி போடட்டுமா?"

"வேண்டாம்மா."

"நர்ஸம்மாவ ஒருதரம் வரச்சொல்லுங்க. இவனுக்கு நெஞ்சுச் சளி விடமாட்டேங்குது. நீங்க இனிமே வரவேண்டாங்க."

"சரிம்மா" என்றார் இராஜாங்கம்.

பஸ் ஸ்டாண்டில் தஞ்சாவூர்ப் பஸ் புறப்படத் தயாராக நின்றது. தங்கம்மாள் என்ன மருந்து எடுத்துவர வேண்டும் என்று கேட்காமலே வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்க் கேட்கலாம் என்று இரண்டு எட்டு வைத்தார். பிறகு, இனிமேல் வரவேண்டாம் என்று அவள் சொன்னது சற்று முன்தான் என்பதை நினைத்து நின்றார். கண்டக்டர் விசில் அடித்தார். அவர் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்தார்.